தக்காளிக்காய் என்று கேளுங்கள்: பச்சைத் தக்காளி வாங்கவும் சமைக்கவும் ஒரு வழிகாட்டி

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கோவைக்குக் குடிவந்த புதிதில், தெருமுனைக் காய்கறிக் கடையில் "பச்சைத் தக்காளி அரைக் கிலோ வேணும்" என்று கேட்டேன். கடைக்காரர் கூடையைக் கிளறி, நல்ல சிவந்த பழமாகப் பொறுக்கிப் போட்டார். "இது இல்லண்ணா, பச்சை" என்றேன். "பச்சைன்னா, இன்னைக்குக் காலைல வந்ததுதானுங்க்கா, வாடவே இல்லைங்க" என்றார். அவர் காதில் பச்சை என்பது புதியது என்று விழுந்திருக்கிறது. "தக்காளிக்காய்ங்க" என்றதும் சிரித்தபடி, "காய்ங்களா, அடியில கிடக்குதுங்க, வேணுங்கற அளவு எடுத்துக்கங்க" என்று கூடையைச் சாய்த்துக் காட்டினார்.

இதே விஷயம் டெக்சஸில் இருக்கும் என் சித்தி மகளுக்கு வேறு மாதிரி நடந்தது. துவையல் அரைக்கத் தக்காளிக்காய் தேடி மெக்சிகோக்காரர் கடை ஒன்றுக்குப் போய், பச்சைத் தக்காளி என்று எழுதியிருந்த பெட்டியிலிருந்து ஒரு பை நிறைய வாங்கி வந்துவிட்டாள். இரவில் போன் வந்தது. "அக்கா, இந்தத் தக்காளிக்கு மேல காகிதம் மாதிரி ஒரு உறை மூடியிருக்கு. உரிச்சா கையெல்லாம் பிசுபிசுங்குது. இது தக்காளிதானா?" அது தக்காளி இல்லை. ஆனால் அந்தக் கடைக்காரரும் தவறாக எழுதி வைக்கவில்லை. அவர் ஊரில் அதற்கு அதுதான் பெயர்.

வேறு ஊருக்கோ வேறு நாட்டுக்கோ போய் முதன்முதலாகச் சொந்தமாகச் சமைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தக்காளிக்காய் மலிவானது, ருசியானது. ஆனால் அதைப் பெயரை வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது, அல்லது வேறொன்று கிடைக்கும். பொருளை அடையாளம் காணத் தெரிந்தால் எந்த ஊரிலும் வாங்கிவிடலாம்.

முதலில்: கையில் எடுத்துப் பாருங்கள்

பச்சைத் தக்காளி என்ற பெயரில் மூன்று வேறு பொருள்கள் விற்கின்றன. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் சமையல் கெட்டுப்போகும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புளிப்பும் தண்ணீரும் வேகும் நேரமும் மாறும்.

முதலாவது, நம் தக்காளிக்காய். சிவக்க வேண்டிய தக்காளியை அது பழுக்கும் முன் பறித்தது. அழுத்தினால் கல் மாதிரி இருக்கும். தோல் வெளிர்பச்சை, கொஞ்சம் மினுமினுப்பு. வீட்டில் வைத்தால் சில நாளில் சிவக்கும்.

இரண்டாவது, பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும் ரகங்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உழவர் சந்தைகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் இவை உண்டு. கரும்பச்சைக் கோடு விழுந்த 'கிரீன் சீப்ரா' இவற்றில் பேர்போனது. டாம் வாக்னர் என்ற விதை ஆர்வலர் உருவாக்கி 1983-இல் வெளியிட்டார். 'ஆன்ட் ரூபிஸ் ஜெர்மன் கிரீன்' இன்னொன்று. இவற்றை நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, விரலால் லேசாக அழுத்துங்கள். பச்சையாக இருந்தும் பழம்போல் அமுங்கினால் இந்த வகைதான். அப்படியே நறுக்கி உப்புத் தூவிச் சாப்பிட அருமையாக இருக்கும். துவையலுக்குப் போட்டால் குழைந்து தண்ணீர் விட்டுவிடும், நாம் தேடும் புளிப்பும் வராது.

மூன்றாவது, என் தங்கை வாங்கிய உறை மூடிய காய், தொமாட்டியோ. மெக்சிகோவின் நடுப்பகுதியில் அதைத் தொமாத்தே வெர்தே, அதாவது பச்சைத் தக்காளி என்பார்கள். சில இடங்களில் வெறும் தொமாத்தே. அங்கே நம் சிவப்புத் தக்காளிக்கு ஹித்தொமாத்தே என்று தனிப் பெயர். வடக்கு மெக்சிகோவுக்குப் போனால் மாறிவிடும், அங்கே தொமாத்தே என்றால் சிவப்புத் தக்காளி. ஒரே நாட்டுக்குள்ளேயே ஒரு ஊரில் பச்சைக்கு உள்ள பெயர் அடுத்த ஊரில் சிவப்புக்கு.

இந்தக் காயைப் பார்த்து நாம் அந்நியமாக நினைக்க வேண்டியதில்லை. நம் ஊர் வரப்பில் சொடக்குத் தக்காளி என்று ஒரு செடி வளருமே, சின்னப் பலூன்போல் உறைக்குள் காய் இருக்கும், நெற்றியில் அடித்துச் சொடக்குச் சத்தம் எழுப்பி விளையாடுவோமே, தொமாட்டியோ அதற்கு நெருங்கிய உறவு. இரண்டும் ஃபைசாலிஸ் என்ற ஒரே பேரினம். தக்காளி என்ற நம் சொல்லும் முதலில் இந்த உறைக்காய்ச் செடிகளுக்கு இருந்த பெயர்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து சிவப்புப் பழம் வந்தபிறகு அந்தப் பெயர் அதற்குப் போய், பழைய செடிக்கு அடைமொழி சேர்க்க வேண்டியதாயிற்று. மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் தொமாட்டில் என்ற சொல்லிலிருந்துதான் உலகத்தின் டொமேட்டோ எல்லாம் பிறந்தது. அவர்களும் உறைக்காய்க்கும் சிவப்புப் பழத்துக்கும் அந்த ஒரே சொல்லை அடைமொழி சேர்த்துத்தான் வைத்திருந்தார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள் இரண்டு செடிகளையும் ஒரு குடும்பமாகப் பார்த்திருக்கின்றன என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

பெயரில் தக்காளி இருப்பதாலேயே குழப்பும் இன்னும் இரண்டு உண்டு. மணத்தக்காளிக்கு மிளகுதக்காளி, கொங்கில் சுக்குட்டி என்றும் பெயர். மிளகு அளவுதான் இருக்கும், அதன் பச்சைக் காயைத்தான் மோரில் ஊறவைத்து வற்றல் போடுகிறோம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேலியோரம் மணத்தக்காளிபோல் ஒரு செடியைப் பார்த்தால் பறித்துச் சமைக்காதீர்கள். அதே குடும்பத்தில் கொடிய நஞ்சுள்ள செடிகள் அந்த நாடுகளில் தானாக வளர்கின்றன. நீலகிரி, கொடைக்கானல் பக்கம் கிடைக்கும் மரத்தக்காளி முட்டை வடிவத்தில் இருக்கும், தோல் கசக்கும், அதையும் தக்காளிக்காயாக எண்ண வேண்டாம்.

இரண்டாவது: ஒன்றை வெட்டிப் பாருங்கள்

பிஞ்சு, காய், செங்காய், பழம் என்று நான்கு சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. தக்காளிக்கு இவற்றைப் பயன்படுத்தப் பழகினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அமெரிக்க வேளாண் துறையின் தரப் பட்டியலில் தக்காளியின் நிறத்துக்கு ஆறு படிகள் உண்டு. பச்சை என்பது அதில் ஒரே படிதான், மீதி ஐந்தும் சிவக்கத் தொடங்கிய பிறகு வருபவை. சமைக்கிறவருக்கோ அந்தப் பச்சைக்குள் இருக்கும் வித்தியாசம்தான் முக்கியம். பிஞ்சும் பச்சை, காயும் பச்சை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

சோதனை எளிது. ஒரு காயைக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே வழுவழுப்பான கூழ் சேர்ந்து, விதைகள் கத்திக்கு அகப்படாமல் நழுவி விலகினால் அது முற்றிய காய். துவையல், கூட்டு, குழம்பு எல்லாவற்றுக்கும் இதுதான் வேண்டும், பழுக்க வைத்தாலும் பழுக்கும். கூழே இல்லாமல் உள்ளே கெட்டியாக இருந்து, கத்தி விதைகளையும் சேர்த்து அறுத்தால் பிஞ்சு. அது எத்தனை நாள் வைத்தாலும் ருசியாகப் பழுக்காது.

பிஞ்சை நான் சமையலுக்கு எடுப்பதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. தக்காளிச் செடியில் தொமட்டின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. இலையிலும் தண்டிலும் சின்னஞ்சிறு பிஞ்சிலும் அதிகம், காய் முற்ற முற்றக் குறையும், பழத்தில் மிகச் சொற்பம். முற்றிய காயை வாணலியில் வதக்கிச் சாப்பாட்டோடு தொட்டுக்கொள்வதில் பயப்பட ஒன்றுமில்லை, தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறோம். கோலிக்குண்டு அளவுப் பிஞ்சுகளைக் கைப்பிடி கைப்பிடியாகப் பச்சையாகத் தின்ன வேண்டாம், அவ்வளவுதான். நுனி நாக்கில் வைத்துப் பார்த்துக் கசந்தால் அதை விட்டுவிடுங்கள். வேகவைத்தால் கசப்பு போய்விடும் என்று நம்ப வேண்டாம்.

செங்காய் என்பது அடியில் லேசாக மஞ்சளோ இளஞ்சிவப்போ ஏறியது. கூட்டுக்குச் செங்காய் கலந்தால் எனக்குப் பிடிக்கும், புளிப்போடு ஒரு சிறு இனிப்பு சேரும். துவையலுக்கு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. காம்பைச் சுற்றிப் பச்சையாகத் தோள் கட்டியிருக்கும் தக்காளி எல்லாம் காய் அல்ல. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கிய பி.கே.எம். 1 ரகத்துக்கு இயல்பிலேயே பச்சைத் தோள் உண்டு. அடிப்பக்கம் சிவந்திருந்தால் அது பழம்தான்.

மூன்றாவது: அந்த ஊர் வாயால் கேளுங்கள்

தமிழ்நாட்டில் எங்கே போனாலும் தக்காளிக்காய் என்று கேளுங்கள். பச்சை என்ற சொல் நமக்கு நிறத்தையும் குறிக்கும், வேகாததையும் குறிக்கும், காயாததையும் குறிக்கும். பச்சைத் தண்ணீர், பச்சரிசி, பச்சை முட்டை, பச்சைப் பிள்ளை என்று அது போகாத இடமில்லை. காய் என்ற சொல்லில் அந்தக் குழப்பம் கிடையாது. கடையில் நாட்டுத் தக்காளியா பெங்களூர்த் தக்காளியா என்று கேட்டால் நாட்டுக் காயையே எடுங்கள். தோல் மெல்லிசு, புளிப்பு அதிகம். பெங்களூர்த் தக்காளி தூர ஊருக்கு லாரியில் போவதற்கேற்ற தடித்த தோலும் கெட்டிச் சதையும் கொண்டது, வதங்க நேரம் எடுக்கும்.

கடைக்காரர்கள் காயைத் தனியாகப் பிரித்து வைப்பது அரிது. பழக்கூடையின் அடியில் கிடப்பதைப் பொறுக்கித் தரச் சொல்லலாம். பெரும்பாலும் விலை குறைத்துக் கொடுப்பார்கள். உழவர் சந்தையில் முதல் நாளே சொல்லி வைத்தால் மறுநாள் பறித்துக் கொண்டுவந்து தருவார்கள். செடி ஓய்ந்து பிடுங்கும் சமயத்தில் கேட்டால் கூடை கூடையாகக் கிடைக்கும்.

கேரளத்தில் பச்சத் தக்காளி என்று கேட்டால் போதும், அவர்கள் அதைத் தேங்காய் அரைத்துக் கறி வைப்பவர்கள், உடனே புரியும். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் பச்சி டமாட்டா. அங்கே பச்சி என்றாலே காய் என்ற பொருள் வந்துவிடும். இந்தி பேசும் ஊர்களில் ஹரா டமாட்டர் என்றால் நிறம், கச்சா டமாட்டர் என்றால் காய். நம் பச்சை, காய் மாதிரியே இரண்டு சொற்கள். கச்சா என்றே கேளுங்கள். இலங்கையில் தமிழ்க் கடைகளில் தக்காளிக்காய் செல்லும். சிங்களத்திலும் தக்காலிதான், முன்னால் அமு என்று சேர்த்தால் போதும். வங்காளத்தில் மட்டும் திகைத்துப் போவீர்கள். அங்கே டொமேட்டோவுக்கு பிலாத்தி பேகுன், அதாவது சீமைக் கத்திரிக்காய் என்ற பெயரும் உண்டு. ஒடியா மொழியிலும் பிலாத்தி பாய்கணோ. நமக்குச் சீமைக் கத்திரிக்காய் என்றால் சௌசௌ அல்லவா!

சௌசௌ என்று வாயெடுத்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், தக்காளிக்காயோடு இதற்கு ஒரு தொடர்பு உண்டு. நமக்குச் சௌசௌ என்றால் கொடியில் காய்க்கும் பேரிக்காய் வடிவக் காய், பெங்களூர்க் கத்திரிக்காய். பெங்களூருக்கே போய் சௌசௌ பாத் கேட்டால் ஒரே தட்டில் ரவை உப்புமாவும் கேசரியும் வரும், காயே இருக்காது. அங்கே அந்தக் காய்க்கு சீமெ பதனே என்று பெயர். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் சௌசௌ என்று எழுதிய பாட்டிலை வாங்கினால், உள்ளே இருப்பது தக்காளிக்காயும் முட்டைக்கோசும் மிளகாயும் வெங்காயமும் பொடியாக நறுக்கி வினிகரில் போட்ட ஊறுகாய். அங்கே நம் சௌசௌ வேண்டுமானால் சாயோட்டே என்று கேட்க வேண்டும், லூசியானாவில் மிர்லிட்டன். ஒரு சொல்லை நம்பிக் கடைக்குப் போகக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும்

சமைக்கப் போகிறீர்களா, பழுக்க வைக்கப் போகிறீர்களா என்பதை அன்றே முடிவு செய்யுங்கள்.

சமைப்பது என்றால், கழுவித் துடைத்து இரண்டு மூன்று நாள் ஃபிரிட்ஜில் வைக்கலாம். பழுக்க வைப்பது என்றால் ஃபிரிட்ஜ் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பத்து டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்த காய் பிறகு ஒழுங்காகப் பழுக்காது, தோல் குழிவிழும், உள்ளே வெளிறும். காகிதப் பையிலோ அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு கூடையிலோ காம்புப் பக்கம் கீழே இருக்குமாறு வையுங்கள். கூட ஒரு பழுத்த வாழைப்பழம் வைத்தால் அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு சீக்கிரம் பழுக்க வைக்கும். வெயிலில் வைக்க வேண்டியதில்லை. வெயில் கெடுதலும்கூட: 30 டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு நிறமி சரியாக ஊறாது. சித்திரையில் மாடித் தோட்டத்துத் தக்காளி சிவக்காமல் மஞ்சளும் ஆரஞ்சுமாக நிற்பதற்கு இதுதான் காரணம். செடியில் நோய் என்று பயந்துவிடாதீர்கள். செங்காயாகப் பறித்து வீட்டுக்குள் குளிர்ந்த இடத்தில் வைத்தால் நிறம் வந்துவிடும்.

டொராண்டோவிலும் லண்டனிலும் வீட்டுப் பின்புறத்தில் தக்காளி போட்டிருப்பவர்களுக்கு வேறு கவலை. செப்டம்பர், அக்டோபரில் குளிர் இறங்கும்போது செடி நிறையக் காய் நிற்கும். முதல் உறைபனிக்கு முன்பே எல்லாவற்றையும் பறித்துவிடுங்கள். பனி பட்ட காய் கறுத்து அழுகும். பறித்ததும் மூன்றாகப் பிரியுங்கள்: செங்காய் தனியாகப் பழுக்க, முற்றிய காயில் பாதி பழுக்க, மீதி அடுப்புக்கு. பிஞ்சு உரக்குழிக்கு.

நான்காவது: சமையல் குறிப்பைப் படிக்கும் முன்

பொருள் சரியாகக் கிடைத்தாலும் பதார்த்தத்தின் பெயர் ஏமாற்றும். பச்சடியை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பச்சடி என்றால் தயிர் ஊற்றியது, அல்லது வருசப் பிறப்பன்று மாங்காயும் வெல்லமும் போட்டுச் செய்வது. தெலுங்கில் பச்சி டமாட்டா பச்சடி என்று குறிப்பைப் பார்த்துத் தயிரைத் தேட வேண்டாம். அவர்களுக்குப் பச்சடி என்பது அரைத்த சட்னி, ஆண்டு முழுக்க வைக்கும் ஊறுகாய்க்கும் அதே பெயர்தான். மலையாளத்தில் பச்சடி என்றால் தேங்காயும் கடுகும் அரைத்துத் தயிரில் சேர்ப்பது. மூன்று மொழியிலும் சொல் ஒன்று, கிண்ணத்தில் இருப்பது வேறு.

சட்னியும் அப்படித்தான். இங்கிலாந்துக்காரர்களின் பச்சைத் தக்காளிச் சட்னியில் சர்க்கரையும் வினிகரும் உலர்திராட்சையும் போட்டு மணிக்கணக்கில் சுண்டவைப்பார்கள், மாதக்கணக்கில் கெடாது, ரொட்டிக்கும் பாலாடைக்கட்டிக்கும் தொட்டுக்கொள்வார்கள். நம் சட்னி காலையில் அரைத்தால் மதியத்துக்குள் தீர வேண்டும். அதை பாட்டிலில் போட்டு அலமாரியில் வைத்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

கறி என்ற சொல்லுக்கு மதுரைப் பக்கம் ஆட்டுக்கறி என்றே பொருள். தஞ்சாவூர் அக்கிரகாரத்து வீடுகளில் அது பொரியல். யாழ்ப்பாணத்தில் காயோ மீனோ எது போட்டாலும் கறி. அங்கே பால்கறி என்றால் தேங்காய்ப்பால், பசும்பால் அல்ல. உள்ளி என்றால் கன்னியாகுமரியில் சின்ன வெங்காயம், யாழ்ப்பாணத்தில் பூண்டு. பத்து உள்ளி போடு என்ற குறிப்பை யார் எழுதியது என்று பார்த்துவிட்டு உரியுங்கள். தென்மாவட்டங்களில் பல்லாரி என்பது பெரிய வெங்காயம். சென்னையின் காய்ந்த மிளகாய், கொங்கில் வரமிளகாய், எங்கள் ஊரில் மிளகாய் வற்றல், யாழ்ப்பாணத்தில் செத்தல் மிளகாய். எல்லாம் ஒன்றுதான், கவலை இல்லை. இலங்கைக் குறிப்பில் பெருஞ்சீரகம் என்று இருந்தால் அது சோம்பு. சீரகம் என்று நினைத்துப் போட்டால் குழம்பின் மணமே மாறிப்போகும்.

சோள மாவு இன்னொரு கண்ணி. அமெரிக்கத் தெற்கில் தக்காளிக்காயை வட்டமாக நறுக்கி, மக்காச்சோள ரவையில் புரட்டிப் பொரிப்பார்கள், நம் பஜ்ஜிக்குத் தூரத்துச் சொந்தம். அந்தக் குறிப்பைப் பார்த்து நம் மளிகைக் கடையில் சோள மாவு வாங்கினால், பெரும்பாலும் சூப் கெட்டியாக்கும் வெள்ளை ஸ்டார்ச் கிடைக்கும், மொறுமொறுப்பே வராது. பெயரை விட்டுவிட்டு, மஞ்சளாக நறநறவென்று இருக்கிறதா என்று பொட்டலத்தைத் தொட்டுப் பாருங்கள்.

அடுப்புக்கு: துவையல்

முதலில் செய்ய ஏற்றது துவையல்தான். தஞ்சாவூர்க்காரர்கள் தொகையல் என்பார்கள்.

முற்றிய காய் நான்கு அல்லது ஐந்து, ஏறக்குறைய 300 கிராம். கழுவி, காம்புக் கண்ணை வெட்டி எடுத்துவிட்டு எட்டாக நறுக்குங்கள். வாணலியில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு ஒரு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, நான்கு மிளகாய் வற்றல், கொஞ்சம் பெருங்காயம் போட்டுப் பருப்பு பொன்னிறமாகும் வரை வறுத்துத் தனியே எடுத்து ஆறவையுங்கள். அதே வாணலியில் இன்னும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு ஆறு சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு, அப்புறம் தக்காளிக்காய். உப்பை இப்போதே போட்டால் காய் சீக்கிரம் இளகும்.

இங்கேதான் பொறுமை வேண்டும். மூடி போடாமல் மிதமான தீயில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் வதக்குங்கள். முதலில் தண்ணீர் விடும், பிறகு அந்தத் தண்ணீர் வற்றும், பளபளவென்ற பச்சை மங்கி ஆலிவ் நிறமாகும், தோல் சுருங்கும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து தெரிந்தால் சரி. பச்சை நிறம் அழகாக இருக்கிறதே என்று பாதியில் இறக்கினால் பச்சை வாடை போகாது. முதல் தடவை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் தவறுகிறார்கள்.

கடைசியில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி இறக்குங்கள். வறுத்த பருப்பையும் மிளகாயையும் முதலில் கொரகொரப்பாகப் பொடித்து, அதன்பின் ஆறிய காயைச் சேர்த்துத் தண்ணீர் விடாமல் அரையுங்கள். புளி வேண்டாம், காயே புளி. சூடான சோற்றில் நல்லெண்ணெயோடு பிசைந்து சாப்பிட்டுப் பாருங்கள். தோசைக்கு வேண்டுமானால் கொஞ்சம் வெந்நீர் விட்டுத் தளர்த்திக் கடுகு, கறிவேப்பிலை தாளியுங்கள். தெலுங்கு வீட்டுப் பக்குவம் வேண்டுமானால் தேங்காய்க்குப் பதில் வறுத்த நிலக்கடலை, வற்றலுக்குப் பதில் பச்சை மிளகாய், கடைசியில் ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தழை.

அரைத்த பிறகு புளிப்பு தூக்கலாக இருந்தால் சிறு துண்டு வெல்லம் போதும். உப்பைக் கூட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

கூட்டு வைப்பவர்களுக்கு

கூட்டில் ஒரே ஒரு விதி: பருப்பை முதலில் முழுதாக வேகவைத்துவிட்டுத்தான் காயைச் சேர்க்க வேண்டும். புளிப்பு இருக்கும் இடத்தில் பருப்பு குழையாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குக்கரில் விசில் விட்டால் காய் கரைந்துபோய்ப் பருப்பு நறுக்கென்று நிற்கும். அரை டம்ளர் பாசிப்பருப்பை மஞ்சளோடு குழைய வேகவைத்து, இன்னொரு பாத்திரத்தில் நறுக்கிய காயைக் கொஞ்சம் தண்ணீரில் ஐந்தாறு நிமிடம் வேகவிட்டு, இரண்டையும் சேருங்கள். தேங்காய், சீரகம், இரண்டு பச்சை மிளகாய் அரைத்து விட்டு ஒரு கொதி. தேங்காயெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை.

தொமாட்டியோதான் கிடைக்கிறது என்றால்

என் தங்கைக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். உறையை உரித்துவிட்டு, தோலில் இருக்கும் பிசுபிசுப்பு போகும் வரை வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். தோல் உரிக்க வேண்டாம். வாங்கும்போது உறை காய் முழுக்க நிறைந்து இறுக்கமாக இருக்கிறதா, காய் கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். உறை சுருங்கிப் போய்க் காய் மஞ்சளித்திருந்தால் புளிப்பு குறைந்து இனிப்பு ஏறியிருக்கும்.

துவையலுக்கு இது நன்றாகவே வரும், ஆனால் தக்காளிக்காயைவிடச் சீக்கிரம் உடைந்து குழம்பாகிவிடும். அதனால் நறுக்காமல் பாதிப் பாதியாக வெட்டி, அகலமான வாணலியில் வெட்டுப் பக்கம் கீழே படும்படி அடுக்கி, கிளறாமல் நன்றாகச் சிவக்க விடுங்கள். தண்ணீர் வற்றிய பிறகே புரட்டுங்கள். உளுத்தம்பருப்பை ஒன்றரை மடங்கு போடுங்கள், அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கூட்டுக்கு மட்டும் இதை நான் சொல்ல மாட்டேன், முழுக்கக் கரைந்து போய் சாம்பாரும் இல்லாமல் கூட்டும் இல்லாமல் நிற்கும்.

அவள் அன்று வாங்கிய பையில் பாதி மிஞ்சியிருந்தது. அதைப் பச்சை மிளகாய், வெங்காயம், பூண்டோடு தோசைக்கல்லில் கருகச் சுட்டு, கொத்தமல்லியும் உப்பும் வைத்து அரைத்துப் பக்கத்து வீட்டு மெக்சிகோ அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினாளாம். அவர் ஒரு விரல் தொட்டுப் பார்த்துவிட்டு, இது எங்கள் சல்சா வெர்தே அல்லவா, உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டிருக்கிறார்.